பீரோவுக்கு மூச்சு முட்டுகிறது!

கேள்வி: ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கம் சின்ன வீடு, சின்னப் படுக்கையறை. பீரோவைத் திறந்தால் துணியெல்லாம் தலையில் விழுகிறது. என்ன செய்ய? — ஒரு வாசகி, புது டெல்லி

பதில்: ரோட்டைத் தாண்டினால் 1994-ல் திறந்த டில்லி ஹாட் கைவினைச் சந்தை, அடுத்த மெட்ரோ ஸ்டேஷன் துணிக்கடைகள் நிறைந்த சரோஜினி நகர். விழாமல் என்ன செய்யும்? ஆனால், இடத்தை அடைப்பது புடவை அல்ல, ரஜாயும் ஸ்வெட்டரும்தான். ஹோலி முடிந்ததும் நல்ல வெயிலில் காயவைத்து, பெட்டிக்கட்டிலுக்குள் தள்ளிவிடுங்கள். தீபாவளி வரை அவற்றை யாரும் தேடப்போவதில்லை. துப்பட்டா, பெல்ட், கைப்பைக்குக் கதவின் பின்புறம் நாலு கொக்கி போதும்.

கேள்வி: கட்டிலுக்குள் அந்துருண்டை போடலாம்தானே? — அதே வாசகி

பதில்: வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா? ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு, அந்துருண்டையின் நாப்தலீன் ஏறிய கம்பளியே ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடும். உருண்டை பார்த்தால் கற்கண்டு மாதிரி வேறு இருக்கிறது, தவழும் பிள்ளை வாயில் போட்டுக்கொள்ளும். வேண்டவே வேண்டாம். மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கும் தென்னிந்தியக் கடையில் வசம்பு இருக்கிறதா என்று கேளுங்கள். வெள்ளைத் துணியில் முடிந்து, பட்டுப்புடவைகளுக்கு நடுவே வையுங்கள். முடிச்சு பிள்ளை கைக்கு எட்டாத தட்டில் இருக்கட்டும்.