எதிராளியும் தலையாட்ட வேண்டும்: கேள்வி – பதில்

கே: விவாதக் கட்டுரை எழுதினால் ரீச்சர் ஒவ்வொரு முறையும் 'கருத்துப் போதாது' என்று சிவப்பு மையில் எழுதித் தருகிறார். கருத்தை எங்கே தேடுவது?
– தரம் 10 மாணவன், செங்கலடி

ப: கருத்து உங்களிடம் தாராளமாக இருக்கிறது, தம்பி. அனுப்பிய இரண்டு பக்கத்தில் 'கைத்தொலைபேசி மாணவரைச் சீரழிக்கிறது' என்று ஐந்து இடத்தில் சொல்கிறீர்கள். ஐந்து தரம் சொன்னால் சத்தம் கூடும், சான்று கூடாது. யாரைச் சீரழித்தது, எப்படி, உங்களுக்கு அது எப்படித் தெரியும் என்று ஒரு வரி இல்லை. ஒவ்வொரு வசனத்துக்குப் பக்கத்திலும் பென்சிலால் 'ஏன்?' என்று எழுதிப் பாருங்கள். அடுத்த வசனம் அதற்குப் பதில் சொல்லவில்லை என்றால் ரீச்சரின் சிவப்பு மை அங்கேதான் விழும்.

கே: வகுப்புக்கு நல்ல தலைப்பு ஒன்று தாருங்கள். கைத்தொலைபேசியும் பிளாஸ்ரிக்கும் எனக்கே அலுத்துவிட்டன.
– ஆசிரியர், கல்லடி

ப: உங்கள் ஊரிலேயே இருக்கிறது, சேர்: 'முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது?' மாரி பெய்து வாவி நிரம்பியதும் தேநீர்க் கடையில் தொடங்கிவிடும் வழக்கு. வயலில் வெள்ளம் நிற்கிறது, உடனே வெட்டு என்பார் படுவான்கரை விவசாயி. அவசரப்பட்டு வெட்டினால் இறாலும் மீன்குஞ்சும் தண்ணீரோடு கடலுக்குப் போய்விடும், பொறு என்பார் தோணிக்காரர். இருவரிடமும் நியாயம் இருப்பதால்தான் அது விவாதம். 'சுத்தம் சுகம் தருமா?' என்று கேட்டால் மறுக்க யார் வருவார்? வயல்காரர் வீட்டுப் பிள்ளையைத் தோணிக்காரர் பக்கமும், தோணிக்காரர் பிள்ளையை வயல் பக்கமும் எழுத விடுங்கள். பெற்றோர் கோபித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தால் அவர்களையும் உட்கார்த்தி ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்.

கே: எதிர்த்தரப்பு வாதத்தையும் நாமே எழுத வேண்டுமாம். நமக்கு நாமே குழி பறிக்கும் இந்த முறை வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதானே?
– ஏ.எல். மாணவன், கொக்கட்டிச்சோலை

ப: வெள்ளைக்காரனுக்கு அவ்வளவு பெருமை வேண்டாம். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை இரண்டாக வகுத்தார். முதலில் பரபக்கம். உலகாயதர், பௌத்தர், சமணர் என்று மாற்றாரின் கொள்கையை எடுத்துச் சொல்லி மறுப்பது. அதன் பிறகுதான் சுபக்கம், தம் கொள்கை. எதிராளி சொல்லாத ஒன்றைச் சொன்னதாக எழுதி அதை விழுத்துவது எல்லாருக்கும் வரும். நீங்கள் எழுதிய பரபக்கத்தை எதிராளியே வாசித்து 'ஓம், நான் சொல்லுறது இதுதான்' என்று தலையாட்ட வேண்டும். மறுப்பு அதற்குப் பிறகு.

கே: விவாதத்துக்கும் கொம்புமுறிக்கும் என்ன வித்தியாசம்?
– வந்தாறுமூலை வாசகர்

ப: கண்ணகை அம்மனுக்கு நாம் கொம்பு முறிக்கும்போது வடசேரியா தென்சேரியா என்று நின்று இழுக்கிறோம், தோற்றவர் மேல் வசை பாடுகிறோம். நடுவில் சேரி மாறினால் உதை விழும். கட்டுரையில் பாதி எழுதும்போது சேரி மாறலாம். மாறினால் முதல் பந்தியைத் திருத்த மறக்காதீர்கள்.

கே: நமது வாவியில் மீன் பாடுவது உண்மையா?
– தரம் 8 மாணவி, காத்தான்குடி

ப: 1848இல் இதே கேள்வியோடு மட்டக்களப்புக்கு வந்தவர், குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற். முதலில் மீனவரைக் கேட்டார். மீன் இல்லை, சிப்பி வகை என்றார்கள். நிலவு எழுந்த பிறகு வள்ளத்தில் போனார். நீருக்குள்ளிருந்து மெல்லிய ஒலிகள் பல வந்தன. வள்ளத்தின் பலகையில் காதை வைத்தபோது பெரிதாகக் கேட்டன. இடம் மாறினால் கூடின, குறைந்தன. பாடுவது மெல்லுடலிகளாக இருக்கலாம் என்று எழுதிவைத்தார். 20ஆம் நூற்றாண்டில் யேசுசபைக் குருமார் அந்த ஒலியைப் பதிவும் செய்தார்கள். ஒலி உண்டு என்பதற்குப் பதிவே சான்று. பாடுவது மீன்தான் என்பதற்கு அது சான்றாகாது. நமது ஊர்க் கட்டுரைகளில் பாதி இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன: 'சத்தம் கேட்டது' என்று தொடங்கி 'ஆகவே மீன்' என்று முடியும். மீன் பாடும் தேன்நாடு என்ற பெயரை அதற்காக மாற்ற வேண்டாம். பெயருக்குச் சான்று தேவையில்லை.

கே: சாட்ஜிபிடி ஒரு நிமிடத்தில் கட்டுரை எழுதித் தருகிறதே?
– வாழைச்சேனை வாசகி

ப: தரட்டும். அதனிடம் கட்டுரை கேட்காமல் 'என்னோடு வாதாடு' என்று கேளுங்கள். சண்டைபிடிக்க அண்ணனோ அக்காவோ இல்லாத வீட்டில் மிகவும் உபயோகம்.

கே: விபுலாநந்த அடிகள் மாதிரி எழுத என்ன செய்ய வேண்டும்?
– காரைதீவு மாணவன்

ப: கணக்குப் படியுங்கள். பகடி இல்லை. அடிகள் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் மட்டுமல்லர், லண்டன் பி.எஸ்ஸி. பட்டதாரியும்கூட. வழக்கொழிந்த யாழைப் பழைய நூற்குறிப்புகளையும் கணிதத்தையும் வைத்து மீட்க முடியும் என்பதே யாழ் நூலின் வாதம். பல ஆண்டு உழைப்பு. 1947 ஜூனில் அரங்கேறியது. ஜூலை 19இல் அவர் மறைந்தார். நீங்கள் இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை ஒப்படைக்கிறீர்கள்.

கே: போன வருடம் எழுதிய கட்டுரையையும் இந்த வருடம் எழுதியதையும் அனுப்பியிருக்கிறேன். இரண்டும் சிறுகண் வலையைப் பற்றியவை. வளர்ந்திருக்கிறேனா?
– ஓ.எல். மாணவி, களுவாஞ்சிக்குடி

ப: போன வருடம்: 'சிறுகண் வலை இயற்கைக்குச் செய்யும் துரோகமாகும். அதனை ஒழிப்பது நம் அனைவரினதும் தலையாய கடமையாகும்.' தலையாய கடமைகள் நமக்கு ஏற்கெனவே ஒரு வண்டி இருக்கின்றன, மகள்.

இந்த வருடம்: 'குஞ்சு மீனை அள்ளினால் நாளைக்கு மீன் இல்லை என்பது வலை போடுகிறவருக்கும் தெரியும். தெரிந்தும் போடுகிறார், இன்றைக்கு உலை வைக்க வேண்டும். வேறு வலை வாங்கக் காசு யார் கொடுப்பது என்று சொல்லாமல் தடை போட்டால் அவர் இரவில் போடுவார்.' இதில் 'துரோகம்' இல்லை, 'ஆகும்' இல்லை. வலை போடுகிறவர் குற்றவாளியாக அல்ல, யோசிக்கிற மனிதராக வருகிறார். நீங்கள் தடையை ஆதரிப்பவர். ஆனாலும் தடைக்கு எதிரான வலுவான காரணத்தை உங்கள் கட்டுரையில்தான் வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில் மட்டும் பழைய பழக்கம் எட்டிப்பார்க்கிறது: 'ஆய்வுகள் கூறுகின்றன'. எந்த ஆய்வு? கடைசிப் பந்தியை வெட்டுங்கள். முன்னால் சொன்னதையே திரும்பச் சொல்கிறது.

போன வருடத்துக்கு 35 புள்ளி. இந்த வருடத்துக்கு 70. அந்த ஆய்வின் பெயரைக் கண்டுபிடித்து எழுதினால் இன்னும் ஐந்து.