தருமர் (எ) கங்கன்

முசரவாக்கம் டீக்கடையில் காசு வைத்து ஆடுகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் தருமர் தலை உருளாமல் இருக்காது. “தருமரே எல்லாத்தையும் வச்சித் தோத்தாரு, நீ எம்மாத்திரம்?” என்று ஒரு பெரியவர் கேட்பார், சொல் வாங்கியவன் டீயை மிச்சம் வைத்துவிட்டு எழுந்து போவான். தருமர் சார்பாக எனக்கு இதில் ஓர் ஆட்சேபணை உண்டு. அவருடைய ஆட்ட வாழ்க்கையில் இரண்டு பாதி. முதல் பாதியைப் பார்த்துவிட்டு நாம் பாயைச் சுருட்டிவிடுகிறோம். இரண்டாம் பாதியில் அவர் வேறு பெயரில், வேறு ஊரில், ஒரு ராஜாவின் காசில் ஒரு வருஷம் ஆடி ஜெயித்தார். அதைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை.

முதல் பாதி எங்கள் பக்கத்துக்கு மனப்பாடம். காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. சூது, துகில் நடக்கிற ராத்திரியில் தருமர் புஜக்கட்டையும் கிரீடமுமாக வந்து நிற்பார். ஹார்மோனியக்காரர் மூச்சு வாங்கும் இடைவெளியில் கட்டியங்காரன் குறுக்கே புகுந்து, “ராஜா, இம்மாம் பெரிய ஆட்டத்துக்கு வந்துக்கினு இருக்கீங்களே, வூட்ல சொல்ட்டு வந்தீங்களா?” என்கிற மாதிரி ஏதாவது கேட்டு வைப்பான். வியாசர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவர் கவியாகப் போனதால் கேட்கவில்லை.

ஆட்டத்துக்கு மூலகாரணம் ஒரு சறுக்கல். மயன் கட்டிக்கொடுத்த மண்டபத்தைச் சுற்றிப்பார்க்க இந்திரப்பிரஸ்தம் போன துரியோதனன், தரையென்று நினைத்துத் தண்ணீரில் விழுந்தான். பாஞ்சாலி சிரித்தாள், அதனால்தான் பாரதப் போரே வந்தது என்று ஊரெல்லாம் தீர்ப்பு எழுதிவிட்டது. வியாசர் தன் வாயால் சொல்லும் இடத்தில் சிரிப்பவர்கள் வேலைக்காரர்கள், பீமன், அப்புறம் மற்றத் தம்பிகள். துரியோதனன் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் புகார் சொல்லும்போதுதான் பாஞ்சாலியின் பெயர் அதில் ஏறுகிறது. புகார் மனுவில் ஆள் சேர்ப்பது இன்றைக்கு நேற்றைக்கு வந்த பழக்கமில்லை.

மாமா சகுனி மருமகனுக்குச் சொன்ன யோசனை சுருக்கமானது. தருமனுக்குச் சூதாட்டம் என்றால் உயிர், ஆனால் ஆடத் தெரியாது, கூப்பிட்டால் வராமல் இருக்கமாட்டான். காசாட்டக்காரன் தேடுவது இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருப்பதைத்தான். சகுனி தன் அப்பாவின் எலும்பில் பாய்ச்சிகை செய்துகொண்டான் என்பது பிற்பாடு மக்கள் கட்டிய கதை, வியாசரிடம் கிடையாது. இப்படி ஒரு எதிராளி அமைந்துவிட்டால் எலும்பு எதற்கு, தான்றிக்காய் போதும். வேத காலத்தில் சூதாடிகள் உருட்டிய காய் அதுதான். நாட்டு மருந்துக் கடையில் கடுக்காயோடும் நெல்லிக்காயோடும் சேர்த்து இடித்துத் திரிபலா என்று விற்கிறார்களே, அதே தான்றி. ராத்திரி தோற்றவனுக்குக் காலையில் வயிறு சரியாகவும் அதே காய்தான்.

அழைப்பு கொண்டுபோன விதுரரே, “இது சரியில்லை” என்று சொல்லித்தான் அழைப்பைக் கொடுத்தார். தருமர் கிளம்பிவிட்டார். கூப்பிட்டால் மறுப்பதில்லை என்று விரதமாம். அஸ்தினாபுரம் மனமகிழ் மன்றத்தில் உட்கார்ந்த பிறகுதான் ஏற்பாடு அவருக்குப் புரிகிறது: பணம் வைப்பது துரியோதனன், ஆடுவது மாமா. ஒருவனுக்காக இன்னொருவன் ஆடுவது முறையல்ல என்று தருமர் சொல்லியும் பார்த்தார். சொல்லிவிட்டு ஆடினார். முதலாளி ஒருவர், ஆட்டக்காரர் ஒருவர் என்பது உலகத்துக் காசாட்டக் கூடங்கள் பலவற்றில் இன்றும் ஓடுகிற ஏற்பாடு. இதெல்லாம் செல்லுமா செல்லாதா என்று பார்க்கச் சுவரில் ஒரு விதிப்பலகை இருந்திருந்தால் தருமர் அதைக் காட்டியிருக்கலாம். அந்த விஷயத்தில் வெள்ளைக்காரன் விவரம். ஜபல்பூரில் 1875இல் மழைக்கால மத்தியானங்களைப் போக்க, காசு கட்டி ஆடும் பில்லியர்ட்ஸ் ஆட்டங்களைக் கலந்து நெவில் சேம்பர்லின் என்ற இளம் ராணுவ அதிகாரி ஸ்னூக்கரை உண்டாக்கினான். 1880களில் நம் ஊட்டி கிளப்பில் அதன் விதிகளை எழுதிச் சுவரிலேயே மாட்டிவிட்டார்கள். அஸ்தினாபுரத்தில் சுவர் இருந்தது, பீஷ்மரும் இருந்தார். இரண்டும் பேசவில்லை.

கௌடில்யர் இருந்திருந்தால் விஷயம் வேறு மாதிரி. அர்த்தசாஸ்திரத்தில் சூதாட்டத்துக்கென்றே ஓர் அதிகாரி. அவர் ஒழுங்கான காய்களைத் தாமே கொடுப்பார், ஆட்டத்தை ஒரே இடத்தில் நடத்துவார், காயை மாற்றினால் அபராதம் போடுவார், ஜெயித்த தொகையில் நூற்றுக்கு 5 அரசாங்கத்துக்கு எடுத்துக்கொள்வார். தருமர் நாட்டையே தோற்ற ராத்திரி அந்த 5 சதவீதம் என்ன தொகை வந்திருக்கும் என்று கணக்குப் பார்த்தால் திருதராஷ்டிரருக்குக் கண் திறந்திருக்கும்.

ஆட்டம் ஆரம்பித்தது. தருமர் பந்தயத்தைச் சொல்வார், சகுனி காயை உருட்டுவான், “ஜெயித்தேன்” என்பான். வியாசர் திரும்பத் திரும்ப இவ்வளவுதான் எழுதுகிறார். தருமர் கையில் காய் போனதாகவே தெரியவில்லை. முத்து மாலை போனது. பொற்காசுக் குடங்கள், தேர், லட்சம் பணிப்பெண்கள், அப்புறம் பணியாட்கள், ஆயிரம் யானை. பிறகு கந்தர்வன் சித்திரரதன் கொடுத்த குதிரைகள். இங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். அந்தக் குதிரைகள் அர்ச்சுனனுக்குப் பரிசாக வந்தவை. தம்பி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான், அண்ணன் அவன் வண்டிச் சாவியை எடுத்து மேசையில் வைக்கிறார்.

நடுவில் விதுரர் எழுந்து நீளமாகப் பேசினார். துரியோதனன் அவரைத் திட்டினான். ஆட்டம் தொடர்ந்தது. ஊரையும் நாட்டையும் குடிமக்களையும் வைத்தபோது தருமர் ஒரு வார்த்தை சேர்த்தார்: பிராமணர்களும் அவர்கள் சொத்தும் நீங்கலாக. தலை கிறுகிறுத்துச் சர்வத்தையும் இழக்கிற மனுஷன் விதிவிலக்கை மட்டும் மறக்கவில்லை. பத்திரம் எழுதுகிறவருக்கு இருக்க வேண்டிய நிதானம் இது. அதை முதல் ஆட்டத்திலேயே காட்டியிருக்கலாம்.

அடுத்து நகுலன், பிறகு சகாதேவன். சகுனி எப்பேர்ப்பட்ட ஆள் என்பது இந்த இடத்தில்தான் தெரிகிறது. “மாத்ரி பிள்ளைகளை வைத்துவிட்டாய், பீமனும் அர்ச்சுனனும் உனக்கு ஒசத்தி போல” என்று ஒரு குத்து. காயால் ஆனதெல்லாம் அதுவரைக்கும்தான், இனிமேல் வாய். தருமருக்கு ரோஷம் வந்தது. எங்களுக்குள் பிளவு உண்டாக்கப் பார்க்கிறாயா என்று கத்திவிட்டு, பிளவு இல்லை என்று நிரூபிக்க அர்ச்சுனனை வைத்தார், பீமனை வைத்தார், தன்னையும் வைத்தார். சொத்து மிச்சம் இருக்கும்போது தன்னைத் தோற்பது பாவம், இன்னும் பாஞ்சாலி இருக்கிறாளே என்று சகுனி தர்மோபதேசம் செய்தான். தருமருக்கே தர்மம் சொல்ல ஆள் கிடைத்தது அப்போதுதான்.

வைக்கும் முன் தருமர் அவளை வர்ணிக்கிறார். குட்டையுமில்லை, நெட்டையுமில்லை, கடைசியாகப் படுத்து முதலில் எழுந்திருப்பவள், ஆடு மாடு மேய்ப்பவர்கள் வரை யார் என்ன செய்தார்கள் என்று கணக்குத் தெரிந்தவள். அடகுக் கடையில் நகையின் எடையைச் சொல்கிற குரல் அது. வீட்டு வேலை முழுக்க அவள்தான் பார்க்கிறாள் என்பது இவருக்கு இத்தனை துல்லியமாகத் தெரிந்திருந்தது. பாரதியார் 1912இல் ‘பாஞ்சாலி சபதம்’ முதல் பாகத்தில் கதை சொல்வதை நிறுத்திவிட்டுத் தன் குரலில் தருமரைக் காய்ச்சி எடுக்கிறார். அதற்குமேல் நான் திட்ட இடமில்லை.

அதன் பிறகு நடந்ததைக் கிண்டல் செய்ய எனக்கு வாய் வராது. பாஞ்சாலி கேட்டனுப்பிய கேள்வியை மட்டும் சொல்கிறேன்: என்னைத் தோற்குமுன் தன்னைத் தோற்றாரா? தன்னையே தோற்றவனுக்கு இன்னொருத்தியை வைக்க என்ன பாத்தியதை? அந்தச் சபையில் சட்டம் தெரிந்த ஒரே ஆள் சபைக்கு வெளியே இருந்தாள். பீஷ்மர், தர்மம் சூட்சுமமானது என்று நழுவினார். கௌரவர்களில் விகர்ணன் ஒருவன்தான் அவள் கேட்பது நியாயம் என்றான். சின்னப் பையன் என்று உட்காரவைத்துவிட்டார்கள். கடைசியில் திருதராஷ்டிரர் பயந்துபோய் வரம் கேள் என்றார். முதல் வரத்தில் தருமர், இரண்டாவதில் மற்ற நாலு பேரும் ஆயுதங்களோடு. மூன்றாவது வேண்டாம், பேராசை கெடுதல் என்றாள். இருபது ஆட்டத்தில் ஐந்து ஆண்பிள்ளைகள் தோற்றதை இரண்டு வாக்கியத்தில் மீட்டாள்.

வண்டி ஏறிப் பாதி வழி போயிருப்பார்கள். “இன்னொரு ஆட்டம்” என்று ஆள் வந்தது. தருமர் திரும்பினார்! இந்த முறை ஒரே உருட்டு. தோற்றால் 12 வருஷம் காடு, 1 வருஷம் மறைந்து வாழ வேண்டும். சகுனி “ஜெயித்தேன்” என்றான்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த இரண்டாம் பாதி. காட்டில் பிருகதசுவர் என்ற முனிவர் வந்தார். என்னைவிட மோசமாகத் தோற்றவன் உண்டா என்று தருமர் கேட்க, அவர் நளன் கதையைச் சொன்னார். நமக்குப் புகழேந்தியின் வெண்பாவில் பழக்கமான கதைதான். சொல்லி முடித்துவிட்டு முனிவர் சும்மா போகவில்லை. காயாட்டத்தின் சூட்சுமம் முழுவதையும் தருமருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். ஆறுதல் சொல்ல வருகிற சாமியார்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிற பகுதி இது.

பதின்மூன்றாம் வருஷம் விராட தேசம். மறைந்து வாழ என்ன வேலை பார்ப்பது என்று யோசனை. பீமன் சமையல்காரன், அர்ச்சுனன் நடனம் கற்றுக்கொடுக்கும் பிருகன்னளை, பாஞ்சாலி அலங்காரக்காரி. தருமர் என்ன வேலை கேட்டார் என்கிறீர்கள்? ராஜாவோடு சூதாடுகிற வேலை. பெயர் கங்கன், குலம் பிராமணன், முன் அனுபவம் யுதிஷ்டிரருக்குச் சிநேகிதன். தன்னைத் தானே சிபாரிசு செய்து வேலை வாங்கினார். கூடவே ஒரு நிபந்தனையும்: என்னிடம் தோற்றவன் பணத்தைக் கொடுக்காமல் பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது. அஸ்தினாபுரத்து ஏமாளி பேசுகிற பேச்சா இது? தொழில்காரர் பேச்சு. விராடனிடம் ஜெயித்த காசை அவனுக்குத் தெரியாமல் தம்பிகளுக்குப் பங்கிட்டும் கொடுத்துவந்தார். அடகு வைத்த தம்பிகளுக்குத் தவணையில் வட்டி.

1985இல் பிலிப்பைன்ஸிலிருந்து எஃப்ரன் ரேயஸ் என்ற மகா ஆட்டக்காரர் அமெரிக்காவின் ஹூஸ்டனுக்கு வந்தார். தன் பெயர் அதற்குள் பரவியிருந்ததால் சேசார் மொராலெஸ் என்று சொல்லிக்கொண்டு பூல் மேசையில் இறங்கி, உள்ளூர்ப் புலிகளை உரித்துவிட்டுப் போனார். உலகமே அதைப் புராணமாகச் சொல்கிறது. கங்கனுக்கு அந்தப் பேர் கிடைக்கவில்லை. அவருடைய பழைய தோல்வி அத்தனை பிரசித்தம்.

விராடனோடு கடைசியாக உட்கார்ந்ததுதான் எனக்குப் பிடித்த இடம். மகன் உத்தரன் கௌரவர் படையையே விரட்டிவிட்டான் என்று செய்தி. ராஜா குதித்துக்கொண்டு, “எடு காயை” என்கிறான். கங்கன் தயங்குகிறார். குஷியில் இருப்பவனோடு ஆடக்கூடாது, சூதே கெட்டது, யுதிஷ்டிரர் என்று ஒருவர் ராஜ்யத்தையே தோற்றாரே, கேள்விப்பட்டதில்லையா என்று கேட்கிறார். முகத்தில் ஒரு சலனம் இல்லாமல்! பிறகு ஆடுகிறார்கள். ராஜா மகனைப் புகழப் புகழ, கங்கன் “பிருகன்னளை கூட இருந்தால் யார்தான் ஜெயிக்கமாட்டார்?” என்றே பதில் சொல்கிறார். பொறுமை போய் விராடன் காயை எடுத்து முகத்தில் வீசினான். மூக்கிலிருந்து ரத்தம். அது தரையில் விழுமுன் கங்கன் கையில் பிடித்துக்கொண்டார்; பாஞ்சாலி ஓடிப்போய்ப் பொற்கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து அதில் ஏந்தினாள். இந்த ஆளின் ஆட்டத்தை ரொம்பப் பார்த்தவள் அவள். என்ன நினைத்தாளோ, வியாசர் எழுதவில்லை.

அப்புறம் வசூல். தவணை முடிந்தது, நாட்டைத் திருப்பிக் கொடு என்று கேட்கக் கண்ணனை அனுப்பினார்கள். ஐந்து ஊராவது கொடு என்று இறங்கியும் பார்த்தாகிவிட்டது. ஊசிமுனை நிலமும் இல்லை என்று பதில். வசூலுக்கு வந்தவரின் ஆசனத்துக்கு அடியில் பள்ளம் தோண்டி, மேலே மூடி, உள்ளே மல்லர்களை நிறுத்தினான் துரியோதனன். கண்ணன் உட்கார்ந்தார், பள்ளம் சரிந்தது, விசுவரூபம் எழுந்தது. அந்தக் கோலத்தைத்தான் பெரிய காஞ்சிபுரம் திருப்பாடகத்தில் பாண்டவ தூதப் பெருமாளாகச் சேவிக்கிறோம். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. உட்கார்ந்த நிலையிலேயே சுமார் 25 அடி. ஆட்டப் பாக்கியைக் கேட்கப் போனவருக்கு இவ்வளவு பெரிய சன்னதி வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. முசரவாக்கத்துக்காரர்கள் வெள்ளி, சனி பஸ் ஏறிப் போய்ச் சேவித்துவிட்டுத்தான் வந்து டீக்கடையில் தருமரைக் கேலி செய்கிறார்கள்.

சகுனி பதினெட்டாம் நாள் சகாதேவன் கையில் செத்தான். ஆனால் அவனுக்கும் கோயில் உண்டு. கேரளத்தில், கொல்லம் மாவட்டம் பவித்ரேஸ்வரத்தில். அங்கே படைப்பது இளநீர், கள், பட்டு. பட்டு எந்த ஊரிலிருந்து போகிறது என்று எங்கள் ஊர் வியாபாரிகள் யாராவது விசாரித்துச் சொன்னால் தேவலை.