கீசர் மாமா

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடைக்கு வருகிறவர்களில் யார் வீட்டில் எத்தனை லிட்டர் கீசர், காயில் எப்போது மாற்றியது என்பதெல்லாம் ஒருவருக்கு மட்டும் அத்துப்படி. வங்கியில் ஆடிட் பார்த்து ஓய்வு பெற்றவர். பூங்காவில் அவர் பெயர் கீசர் மாமா. அவர் வீட்டில் கீசர் கிடையாது. சோலார் ஹீட்டரும் கிடையாது. எது உசத்தி என்று இன்னும் முடிவாகவில்லை.

இப்படி ஒருவர் தி.நகர் நடேசன் பூங்காவிலும் உண்டு, அடையாறு காந்தி நகரிலும் உண்டு. ஆள்தான் வேறு, கையில் அதே நோட்டு. இடது பக்கம் சோலார், வலது பக்கம் கரண்ட்.

"பதினஞ்சு லிட்டரை முப்பது டிகிரி சூடேத்த அரை யூனிட் போறும். ரெண்டு கிலோவாட் கீசர்னா கால் மணி நேரம்" என்பார்.

"அப்போ அதையே வாங்கிடுங்கோ மாமா."

"ரெண்டு மாச ரீடிங் 500-ஐத் தாண்டினா ஸ்லாபே மாறிடும்டா. அரை யூனிட்ல என் குடி முழுகணுமா?"

"சரி, சோலார்?"

"சித்திரையில நூறு லிட்டர் கொதிக்கும். அப்போ சின்டெக்ஸ் தண்ணியே கையைச் சுடறதே! ஐப்பசி அடைமழையில எனக்கு வெந்நீர் வேணும். அன்னிக்குப் பார்த்து சூரியன் லீவு."

"அதுக்குத்தான் டேங்க்குக்குள்ள பேக்கப் காயில் வெச்சிருக்கானே!"

"ரெண்டையும் வாங்கணும்னா, அப்புறம் கம்பேர் பண்ண என்ன இருக்கு?"

சட்டைப் பையில் தண்ணீரின் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் எப்போதும் இருக்கும். போர் தண்ணீர் என்றால் சோலாரில் பிளாட் பிளேட் வேண்டாம், செப்புக் குழாயில் உப்பு படியும், கண்ணாடிக் குழாய்தான் சரி என்பார். கேட்டவர் கண்ணாடிக் குழாய்க்கு மனதைத் தேற்றிக்கொண்டால், பக்கத்து மாடிப் பையன்களின் கிரிக்கெட் பந்தைச் சுட்டிக் காட்டுவார். தரைத்தள வீட்டுக்காரர் கேட்டால் வேறு கவலை: "நாலு மாடி இறங்கி வர்ற குழாயில நிக்கிற பச்சைத் தண்ணி அரை வாளி வழிஞ்சப்புறம்தான் சூடு வரும். 2019-ல தண்ணி லாரிக்குக் குடத்தோட நின்னோமே, மறந்துட்டேளா?"

வர்தா புயல் அடித்த 2016 டிசம்பரில் பல மாடிகளில் கண்ணாடிக் குழாய்கள் நொறுங்கின. பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஊரே நொந்து கிடக்க, மாமா முகத்தில் மட்டும் தெளிவு. "சோலாரும் போச்சு, கரண்டும் போச்சு. நான் அவசரப்பட்டேனா?"

2024-ல் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் என்ற செய்தி வந்தது. சோலார் பக்கம் சட்டென்று கனத்தது. அது கரண்ட் தயாரிக்கும் பேனலுக்கு, வெந்நீர்த் தொட்டிக்கு அல்ல என்று தெரிந்ததும் ஒரு வாரம் பூங்காவில் மௌன விரதம்.

இத்தனைக்கும் வீட்டில் வெந்நீருக்குக் குறைவில்லை. கேஸ் அடுப்பில் அண்டாவை ஏற்றி, துணி பிடித்து இறக்கி, பாத்ரூம் வரை மாமி தூக்கிப் போகிறார். சிலிண்டர் செலவுக்கு நோட்டில் பக்கம் இல்லை. மாமியின் முதுகுவலிக்கும் இல்லை. கோடையில் தேவையில்லை, மழையில் வெயிலில்லை, மார்கழியில் ஆள் கிடைப்பதில்லை, தை பிறந்தால் "இனிமே எதுக்கு?"

போன மார்கழியில் மாமி கெடு வைத்தார். "பொங்கலுக்குள்ள சுவத்துலயோ மாடியிலயோ ஏதாவது ஒண்ணு ஏறியாகணும். இல்லேன்னா நான் பெங்களூர் போறேன். பொண்ணாத்துல சோலார் இருக்கு."

மாமா ஆடிப்போனார். உஸ்மான் ரோடு கடைக்குப் போய், ஐந்து நட்சத்திர கீசரைத் தொட்டுப் பார்த்து, பணத்தைக்கூட எடுத்துவிட்டார். கடைப் பையன் சும்மா இருந்திருக்கலாம். "சார், ஹீட் பம்ப் பார்க்கறீங்களா? காத்துல இருக்கிற சூட்டை இழுத்துத் தண்ணியில விடும். காயிலுக்கு ஆகிற கரண்ட்ல மூணுல ஒரு பங்குதான்."

வாங்கப் போனவர் விளக்கத் தாளோடு திரும்பினார். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. நோட்டில் மூன்றாவதாக ஒரு பத்தி கோடு போட்டார்.

மாமி எதுவும் கேட்கவில்லை. "பெங்களூருக்கு ஒரு டிக்கெட் போடுங்கோ" என்றார்.

மாமா நிமிர்ந்தார். "சதாப்தியா, வந்தே பாரத்தா? ரெண்டு நாள் டைம் குடு. பார்த்துச் சொல்றேன்."