ஆர்.சி. புக்கில் அஞ்சு, அப்பாயியோடு எட்டு

செந்துறையில் கார் வாங்குகிறவருக்குக் கம்பெனி தரும் விவரத் தாள் பாதிதான் உதவும். நீளம், அகலம், வீல்பேஸ், டிக்கி எத்தனை லிட்டர் எல்லாம் அதில் இருக்கும். குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பும் நேரத்தில் பூ வைத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கும் சின்னத்தாவைப் பற்றி ஒரு வரி இருக்காது. ஆர்.சி. புக் டிரைவரோடு சேர்த்து 5 பேர் என்கிறது. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடையோ திங்களும் வெள்ளியும்தான் வழக்கமாகத் திறக்கும். 'நீங்க நாளைக்கு வாங்க' என்று யாரைக் கழற்றிவிடுவது?

ஒரு காலத்தில் இந்தச் சிக்கலையெல்லாம் அம்பாசிடர் பார்த்துக்கொண்டது. கியர் ஸ்டீயரிங்குக்குக் கீழே, முன்சீட் ஒரே நீள பெஞ்சு. டிரைவர் கதவோரமாகப் பாதி உடம்போடு ஒதுங்கிக்கொள்வார். அவருக்கு இடப்பக்கம் இரண்டு பெரியவர்களும் ஒரு பொடியனும் தாராளமாக வருவார்கள். 1958 முதல் 2014 வரை ஓடிய அந்த உற்பத்தியில் உருவம் பெரிதாக மாறவேயில்லை. நீளம் 4,325 மில்லிமீட்டர், உயரம் ஏறக்குறைய 1,600. இன்று எஸ்.யூ.வி. என்று மார்தட்டும் கிரெட்டாவின் நீளம் 4,330, உயரம் 1,635. பேரன் புதுசு என்று கொண்டாடுவது, அளவுப்படி பார்த்தால், தாத்தாவின் கல்யாண டாக்ஸிதான்.

செந்துறையை ஒட்டி முந்திரிக்காடு வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில் இந்த வழக்கு மாதக்கணக்கில் நடந்தது. சென்னையில் வேலை பார்க்கும் மகன் எஸ்.யூ.வி. கட்சி. டிசையர் வைத்திருக்கும் மச்சான் செடான் கட்சி. தீர்ப்பு சொல்ல வேண்டிய அப்பாவோ எந்தப் பக்கமும் சாயாமல் மைலேஜ் மட்டும் விசாரித்துக்கொண்டிருந்தார்.

மகன் போனில் எண்களைக் காட்டினான். ஹோண்டா சிட்டியின் வீல்பேஸ் 2,600 மில்லிமீட்டர், கிரெட்டாவுடையது 2,610. கால் நீட்டும் இடத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள இந்தத் தூரம்தான்.

"பத்து மில்லிக்கா இவ்வளவு பேச்சு?" என்றார் அப்பா.

நியாயமான கேள்வி. வெளியே மலை மாதிரி நிற்கும் வண்டி உள்ளே நீளத்தில் அதிகமாக எதையும் தந்துவிடுவதில்லை. கூடுவது உயரம். அந்த உயரத்தின் அருமை முழங்கால் தேய்ந்தவருக்குத்தான் தெரியும்.

டிசையரில் அப்பாயி ஏறுவது ஒரு தனி நிகழ்ச்சி. முதலில் முதுகைக் காட்டி நின்று, கதவு மேல்விளிம்பைப் பிடித்து, "ஆத்தா" என்று சொல்லி உட்கார வேண்டும். சீட் எதிர்பார்த்ததைவிடக் கீழே இருப்பதால் கடைசி நாலு விரற்கடை விழுவதாகவே அமையும். பிறகு கால்களை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். இறங்க மச்சான் ஒரு கை, மருமகள் ஒரு கை. இதற்கு மாறாக பொலிரோவில் ஏற ஃபுட்போர்டில் கால் வைத்து உடம்பை மேலே இழுக்க வேண்டும். சேசிஸ் மேல் பாடியை ஏற்றிய வண்டிகளில் தரையே உயரம். கிரெட்டா வகை வண்டியின் சீட் திண்ணை உயரத்தில் இருக்கிறது. ஏறவும் வேண்டாம், விழவும் வேண்டாம். சும்மா நகர்ந்தால் போதும். "இது பரவால்லடா" என்றார் அப்பாயி. மகன் கட்சிக்கு ஒரு ஓட்டு விழுந்தது.

நடுசீட் விவகாரம் வேறு. பின்சீட்டில் மூன்று பேர் என்று எல்லாக் கம்பெனிகளும் எழுதுகின்றன. அந்த மூன்றாமவர் யார் என்பது ஊரறிந்தது: வீட்டில் ஒல்லியானவர். தரை நடுவே மேடு தட்டினால் இரண்டு காலையும் இரண்டு பக்கத்தாரின் எல்லைக்குள் வைத்து, தாடை முட்டியைத் தொட அரியலூர் வரை போக வேண்டும். இந்த ஒல்லியானவர்களுக்காக மனமிரங்கியது டொயோட்டா எட்டியோஸ். 2010-இல் வந்த அந்தச் செடானின் பின்பக்கத் தரை சமதளம், டிக்கி 595 லிட்டர். அழகென்று யாரும் சொல்லவில்லை. டாக்ஸிக்காரர்கள் விடவும் இல்லை. 2020-இல் கம்பெனிதான் விட்டுவிட்டது.

இடையில் புகுந்து காரியத்தைக் கெடுத்தது எர்டிகா. வீல்பேஸ் 2,740 மில்லிமீட்டர், மூன்று வரிசை, 7 பேர். கேட்டதும் சின்னத்தாவின் முகம் மலர்ந்தது. ஆனால் மூன்றாம் வரிசையை நிமிர்த்தி வைத்தால் சாமானுக்கு மிஞ்சுவது 209 லிட்டர். குட்டி டிசையரின் டிக்கியே 382. மூன்றாம் வரிசை இருப்பது பின்சக்கரத்துக்கு மேலே. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடி ஓடிப் பதம் பார்த்த சாலையில் ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பில் நேராக வந்து பேசும். 1994-இல் வந்த டாடா சுமோவில் பின்னால் எதிரெதிராக உட்கார்ந்து முட்டியோடு முட்டி இடித்துப் போனவர்களுக்கு இது சொகுசு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதில் எதிரே இருப்பவர் வாந்தி எடுக்காமல் இருப்பதே பாதி பிரார்த்தனையாக இருந்தது.

எர்டிகாதான் வந்தது. முன்சீட்டை முதல் நாளே அப்பாயி பிடித்துக்கொண்டார். நடு வரிசையில் மருமகள், சின்னத்தா, அவர் எப்படியும் அழைத்து வரும் பக்கத்து வீட்டம்மா. ஸ்டீயரிங்கில் மகன். பணம் கட்டிய அப்பா மூன்றாம் வரிசையில், மடியில் பொங்கல் பானையோடு. பைகளும் பாய்களும் சிறுவாச்சூர் வரை பின்னாலேயே வருகின்றன, மச்சானின் டிசையரில்.