ஆபத்துக் கூடின ஆக்கள்

மாமாவின் வீடு மண்டூரில். போன மாரிக்கு முன்னர் குருமண்வெளியில் வாவி கடக்கும் பாதைப் படகு ஏறி, ரையும் கட்டிக்கொண்டு ஒரு காப்புறுதி முகவர் அங்கே வந்தார். விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் படிவத்தை விரித்தார்.

வளவுக்குள் வெள்ளம் வருமா? வருசா வருசம். யானை? போன கிழமை வாழையெல்லாம் போச்சு. தோணியில் போவதுண்டா? தினமும். வாவியில் முதலை இருக்கிறதாமே? அதுவும் எங்கே போகும்? வீட்டில் யாராவது அகால மரணம்? மாமா விரல் மடித்து எண்ணத் தொடங்கினார். ஒரு கை முடிந்து மறு கைக்குப் போனதும் முகவர் பேனையை மூடினார்.

"ஐயா, குறை நினைக்காதீங்க. நீங்க ஆபத்துக் கூடின ஆக்கள்."

"நாங்க ஆருக்கு மனே ஆபத்து?"

கேள்வி சரிதான். 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி எங்கள் கூரைகளைத்தான் கொண்டுபோனது. 2004 டிசம்பர் 26இல் கடல் எங்கள் பிள்ளைகளைத்தான் கொண்டுபோனது. 2011 ஜனவரியில் வட்டைகள் வாவியாகின. இத்தனைக்கும் பிறகு கம்பனிக்கு நாங்கள் ஆபத்தாம். நனைந்தவனைப் பார்த்து, "கிட்ட வராதே, என் சட்டை ஈரமாகும்" என்கிற தொழில் இது.

அளவுகோல் பிடித்த அரசும் சளைத்ததல்ல. சுனாமிக்குப் பிறகு கரையோரத் தடைவலயம் வகுத்தபோது தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200. அலைக்கும் மாகாணம் தெரியும் போல. நாவலடி கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒரு மணல் நாக்கு. அங்கே கடலிலிருந்து 200 மீற்றர் பின்னால் போ என்றால், வாவிக்குள் இறங்கு என்றுதான் அர்த்தம். மிஞ்சியவர்களைத் திராய்மடுவுக்கு அனுப்பினார்கள்.

வயலுக்கு மட்டும் என்ன வாழ்கிறது? 1973இலேயே சட்டம் போட்டுப் பயிர்க் காப்புறுதிக்கு ஒரு சபை அமைத்த நாடு இது. 2024 நவம்பர் வெள்ளத்தில் பெரும்போகம் அழுகியபோது, ஏக்கருக்கு அதிகபட்சம் 40,000 ரூபா என்று அறிவித்தார்கள். அந்த 'அதிகபட்சம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். உழவு, விதை, உரம், மனைவியின் சங்கிலிக்கு அடகு வட்டி என்று இழப்பு தன்பாட்டில் ஏறிக்கொண்டே போகும். அதற்கு யாரும் உச்சவரம்பு போடவில்லை.

ஆயுள் காப்புறுதிப் பத்திரத்தின் பொடி எழுத்தில் இன்னொன்றும் இருக்கும்: போரினால் நேர்ந்த மரணம் சேராது. உலகம் முழுக்க உள்ள வழக்கம்தான், சட்டப்படி குற்றம் சொல்ல இடமில்லை. கால் நூற்றாண்டு போர் நடந்த ஊரில் போரைக் கழித்துவிட்டு உயிருக்குக் காப்புறுதி விற்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும், அவ்வளவுதான். அதிலும், செத்ததற்குச் சான்று காட்ட வேண்டும். 1990 செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவருடைய தாய் எந்தக் கட்டத்தில் சரி போடுவாள்? 'இயற்கை மரணம்', 'விபத்து' என்ற கட்டங்கள் உண்டு. 'இராணுவம் கூட்டிக்கொண்டு போனது, இன்னும் வரவில்லை' என்பதற்குக் கட்டம் அச்சடிக்க யாருக்கும் தோன்றவில்லை.

அப்படியானால் யாருக்குத்தான் காப்புறுதி? மேட்டு நிலத்தில் கொங்கிறீற் வீடு, யானையைத் தெகிவளை மிருகக்காட்சிசாலையில் மட்டும் பார்த்த பிள்ளைகள், கட்டிலில் கண்மூடிய பாட்டன் பூட்டன். அப்படிப்பட்டவரின் வீட்டுப் படலைக்கு முகவர்கள் வரிசையில் நிற்பார்கள். அவருக்கோ அது தேவையே இல்லை.

மாமா கோபிக்கவில்லை. முகவரைத் துறைவரை கொண்டுபோய் விட்டார். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. காற்றில் பாதை ஆடத் தொடங்கியிருந்தது. முகவர் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் படிவப் பையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நீந்தத் தெரியுமா மனே?"

"தெரியாது ஐயா."

"அப்ப ஓரத்தில நிக்காத. நடுவுக்கு வா."