கட்டுமான அனுபவம்: ஓரளவு

விண்ணப்பத்தில் ‘கட்டுமான அனுபவம் உண்டா?’ என்று ஒரு கேள்வி இருந்தது. ‘ஓரளவு’ என்பதை டிக் அடித்தேன். பொய் என்று சொல்லிவிட முடியாது. மன்னார்குடியில் எங்கள் வீடு எழும்பியபோது குடை பிடித்துக்கொண்டு நின்று, கலவையில் மணல் கூடிப்போச்சு என்று கொத்தனாரிடம் வம்புக்குப் போனவன் நான். அந்தத் தகுதியை வைத்துக்கொண்டு, ஹூஸ்டனில் கிடைத்த கிறிஸ்துமஸ் விடுமுறையில், குவாத்தமாலாவின் சிமால்டெனாங்கோ மலைப்பகுதியில் கக்சிக்கேல் மாயா மக்களின் சிற்றூர் ஒன்றுக்குப் பள்ளிக்கூடம் கட்டப் போனேன். தொண்டு செய்யக் கட்டணமும் உண்டு. கட்டினேன்.

அங்கே எழும்பிக்கொண்டிருந்தது பாட்டில் பள்ளிக்கூடம். தூணும் பீமும் நம்மூர் மாதிரியே கம்பி கட்டி கான்கிரீட்தான். தூணுக்கும் தூணுக்கும் நடுவில் மட்டும் கல்லுக்குப் பதிலாகக் குப்பை அடைத்த குளிர்பான பாட்டில்கள். இரண்டு பக்கமும் கோழிவலை, நடுவில் பாட்டில் வரிசை, கட்டுக்கம்பியால் முடுக்கி மேலே சிமென்ட் பூச்சு. அத்தித்லான் ஏரிப் பக்கம் சுசான் ஹைசே என்ற பெண்மணி கிளப்பிவிட்ட யோசனை இது. 2009-ல் கிரானாடோஸ் என்ற ஊரில் லாரா குட்னர் என்ற, அமெரிக்க அரசின் பீஸ் கோர் தொண்டு அமைப்புத் தன்னார்வலர் ஊர்க்காரர்களோடு சேர்ந்து இந்த முறையில் பள்ளியைக் கட்டி முடிக்க, அதன்பிறகு பல ஊர்களுக்குப் பரவியது. எல்லாம் குப்பை வண்டி எட்டிப்பார்க்காத ஊர்கள். சிப்ஸ் பாக்கெட்டை ஒன்று எரிக்க வேண்டும், இல்லாவிட்டால் பள்ளத்தில் கொட்ட வேண்டும். அது சுவருக்குள் போனால் நல்லதுதானே? (சுவருக்குப் பாட்டில் போதவில்லை என்று பிள்ளைகள் கூடுதலாகக் கோலா குடித்ததையும் பார்த்தேன். அதை யாரும் அறிக்கையில் எழுதுவதில்லை.)

முதலில் எனக்குக் கிடைத்தது எட்டு வயதுப் பிள்ளைகள் செய்யும் வேலை: பாட்டில் அடைப்பது. கழுவிக் காயவைத்த பாக்கெட்டைச் சுருட்டி வாய்வழியே நுழைத்து, குச்சியால் குத்திக் குத்தி இறுக்க வேண்டும். அடிப்பக்க முண்டுகளில் காற்று தங்கக் கூடாது. கொத்தனார் வந்து பாட்டிலின் இடுப்பைக் கட்டைவிரலால் அழுத்துவார். விரல் உள்ளே இறங்கினால் தள்ளுபடி. என்னுடையது எல்லாவற்றிலும் இறங்கியது. இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வளைத்த கம்பியை உள்ளே விட்டு, நான் அரைநாள் அடைத்ததையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டாள். பிறகு புதிதாக அடைக்கத் தொடங்கினாள். நான் அடைத்ததைவிட அவள் பிடுங்கி அடைத்தது சீக்கிரம் முடிந்தது. அடுத்து என்னைக் கம்பி கட்ட அனுப்பினார்கள். கொக்கியை மாட்டி இரண்டு சுற்று சுற்றினால் இறுகும். இன்னொரு சுற்று போனால் அறும். நான் எப்போதும் அந்த இன்னொரு சுற்று ஆள். ஆபீஸில் ஒரு மெயிலை நாலு தடவை திருத்தி அனுப்பிக் காரியத்தைக் கெடுப்பவனும் நானே.

அங்கே சிமென்ட் மூட்டை 42.5 கிலோ. நம்மூர் மூட்டையைவிட ஏழரை கிலோ குறைவு. ஏழரை என்றபோதே உஷாராகியிருக்க வேண்டும். ஊர் இருப்பது இரண்டாயிரம் மீட்டர் உயரத்துக்கு மேல். வெறுங்கையோடு ஏறினாலே எனக்கு இரைத்தது. லாரியிலிருந்து இறக்கித் தோளில் ஏற்றிவிட்டார்கள். மூட்டை என்னை ஒரு அரைவட்டம் சுற்றவைத்து, மணல் குவியலின் மேல் உட்காரவைத்தது. மூட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பா வயதுக்காரர் ஒருவர் நெற்றியில் மெக்காபல் என்கிற தோல்பட்டையை மாட்டிக்கொண்டு, அதே மூட்டையை முதுகில் வாங்கி, யாரிடமோ சோள விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே மேடேறிப் போனார். அதற்குப் பிறகு என் கையில் தண்ணீர்க் குடம் தந்தார்கள். அதையும் பாதிதான் நிரப்பியிருந்தார்கள்.

கை சரியில்லாதவன் வாயையாவது அடக்க வேண்டும். ஒரு மாலை காபி வேளையில் ஆரம்பித்தேன்: சிமென்ட் எதற்கு, மண் இருக்கிறதே, உங்கள் பாட்டன் பூட்டன் சுடாத மண்கல்லில்தானே கட்டினார்கள், குளிர்ச்சி, செலவு குறைவு, பூமிக்கும் நல்லது. சிக்கன வீடுகளுக்குப் பேர்போன கட்டடக்கலைஞர் லாரி பேக்கரைப் பற்றிப் பார்த்த இரண்டு வீடியோ தந்த தைரியம். என் அரைகுறை ஸ்பானிஷை ஒரு இளைஞன் கக்சிக்கேலில் மாற்றி, இடுப்பில் தறியைக் கட்டிக்கொண்டு நெய்துகொண்டிருந்த பாட்டியிடம் சொன்னான். அவர் கை நிற்கவில்லை. 1976 பிப்ரவரி 4, விடிவதற்கு முன் மூன்று மணி. 7.5 அளவு நிலநடுக்கம். நாட்டில் சுமார் 23,000 பேர் செத்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் மண்கல் சுவர் சரிந்தது. தங்கையை எந்தப் பக்கம் தோண்டி எடுத்தார்கள் என்று பாட்டி முகவாயால் காட்டினார். நான் சாய்ந்து உட்கார்ந்திருந்த பக்கம். கம்பி போட்ட தூண் இல்லாத கட்டடத்துக்கு இங்கே யாரும் பிள்ளையை அனுப்பமாட்டார்கள் என்று கொத்தனார் பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

இத்தனைக்கும் மன்னார்குடியில் என் ஆச்சி வீடு மண்சுவரும் நாட்டு ஓடுமாகத்தான் இருந்தது. ஒழுகுகிறது, எலி வருகிறது, அட்டாச்டு பாத்ரூம் இல்லை என்று அதை இடித்துத் தளம் போட்டது யார்? குடை பிடித்துக்கொண்டு நின்றேன் என்றேனே, அந்த வீட்டுக்குத்தான். நல்லவேளை, குவாத்தமாலாவில் யாரும் அதை விசாரிக்கவில்லை.

சாப்பாட்டிலும் கூத்து. கறி சாப்பிடமாட்டேன் என்று வந்த அன்றே சொல்லிவைத்தேன். நன்றாகப் புரிந்ததுபோல் தலையாட்டினார்கள். மறுநாள் கோழி வந்தது. வறுத்த பூசணி விதையும் மிளகாயும் அரைத்துவிட்ட பெப்பியான் குழம்பு, நடுவில் ஒரு கால். மாட்டுக்கறிதானே வேண்டாம் என்றீர்கள் என்று நான் தங்கியிருந்த வீட்டம்மா என் முகத்தைப் பார்த்தார். முட்டைக்காக வைத்திருந்த கோழி என்று பிள்ளைகள் பேசிக்கொண்டதில் தெரிந்தது. சாப்பிட்டேன். இந்த இதழ் மன்னார்குடிக்கும் போகும் என்பதால் ருசியைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை.

எனக்குக் கொஞ்சம் மரியாதை கிடைத்தது ஆட்டோவால். அந்த மலைச்சாலைகளில் ஓடுவது பெரும்பாலும் பஜாஜ். “உங்க நாட்டு வண்டியா?” என்று பிள்ளைகள் கேட்டபோது, ஆலையில் நானே போல்ட் முடுக்கி அனுப்பிய மாதிரி நிமிர்ந்து நின்றேன்.

எனக்கு விடுமுறையான டிசம்பர், அவர்களுக்கு மக்காச்சோள அறுவடை. கதிர் ஒடிக்க வேண்டிய ஆட்கள், நான் கட்டிய கம்பியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இது எனக்கு உறைத்ததே, கிளம்புவதற்கு முந்தின நாள் பெற்றோர் குழுப் பொருளாளர் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிறகுதான். விமான டிக்கெட் எவ்வளவு என்று கேட்டார். பாதியைச் சொன்னேன். கட்டணத்தைப் பற்றி மூச்சே விடவில்லை. காலி சிமென்ட் பையின் காகிதத்தைக் கிழித்து, பேனாவால் ஏதோ வகுத்துப் பார்த்தார். விடையை எனக்குச் சொல்லவில்லை.

பேனாவை மூடிவிட்டுக் கையை நீட்டினார். பள்ளிக்குப் பின்னால் கழிப்பறை பாதியில் நின்றது. பாட்டில் சுவருக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறது, படம் எடுத்துக்கொள்கிறது. கக்கூஸ் குழிக்கு யாரும் வருவதில்லை என்றார். வாத்தியார் ஒருவர்தான், மூன்று வகுப்பு, அவருக்குக் கக்சிக்கேல் வராது. சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் வராது. 36 ஆண்டு உள்நாட்டுப் போரை 1996-ல் முடித்துவைத்த சமாதான உடன்படிக்கைகளில், மாயா பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியிலும் கல்வி என்பது எழுதியே இருக்கிறது. குறிப்பெடுத்துக்கொள்ள நோட்டை எடுத்தேன். எழுதி என்ன செய்வதென்று தெரியாமல் தேதியை மட்டும் போட்டேன்.

அதோடு கிளம்பியிருக்கலாம். அடுத்த வருஷமும் வரட்டுமா என்று கேட்டுத் தொலைத்தேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“கழிப்பறைக்குப் பணம் அனுப்புங்க. சாமான் வாங்கி ரசீதோட கணக்கு அனுப்புறேன்.”

“நான்?”

“நீங்க ஜூன்ல ஊர்த் திருவிழாவுக்கு வாங்க. மரிம்பா வாசிப்பாங்க, வாணவேடிக்கை இருக்கும். வேலைதான் ஒண்ணும் இருக்காது.”