அப்கிரேடு சார்

சென்னையில் ஓரளவு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் அங்கே கட்டாயம் ஓர் அப்கிரேடு சார் இருப்பார். லிஃப்ட் பக்கத்தில் பிளம்பர், எலெக்ட்ரீஷியன் நம்பர் ஒட்டியிருக்கும் காகிதத்தில் அவர் நம்பர் இருக்காது. ஆனால் எல்லார் போனிலும் இருக்கும். வயது நாற்பத்தைந்து சொச்சம். கட்டட வரைபடம் போடுகிற வேலை, வீட்டிலிருந்தே. அவரே வாயைத் திறந்து சொன்னால்தான் அப்படி ஒரு வேலை இருப்பது தெரியவரும். பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் ஸ்க்ரூடிரைவர்தான்.

அவருடைய லேப்டாப் ஒரு லெனோவோ திங்க்பேட் பி50. ஏதோ ஒரு கம்பெனி லீஸுக்கு எடுத்து, உழைக்க விட்டு, திருப்பிக் கொடுத்தது. அங்கே இங்கே சுற்றி எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு வந்தது. அங்கிருந்து இவர் கைக்கு. சாதாரண வண்டி இல்லை அது. 2015-இல் வந்தபோது, சர்வர்களிலும் டெஸ்க்டாப் வொர்க்ஸ்டேஷன்களிலும் மட்டுமே பார்த்திருந்த ஜியான் பிராசஸரை லேப்டாப்புக்குள் கொண்டுவந்த முதல் மாடல்களில் ஒன்று. இரண்டரைக் கிலோ எடை. 170 வாட் சார்ஜர் தனி. அதைப் போட்டால் தோள்பை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். எம்.2 எஸ்எஸ்டி இரண்டு போடலாம், அதுபோக ஒரு ஹார்டு டிஸ்க்கும் போடலாம். ராம் போட நான்கு இடம், மொத்தம் 64 ஜிபி வரை. அந்த நான்கில் இரண்டு அடிமூடியைக் கழற்றினாலே தெரியும். மற்ற இரண்டும் கீபோர்டுக்கு அடியில். இதென்ன தொல்லை என்று மற்றவர்கள் அலுத்துக்கொள்வார்கள். சாருக்கு அதில்தான் சந்தோஷமே. கீபோர்டைக் கழற்ற நியாயமான காரணம் கிடைத்துவிட்டதல்லவா!

அவரைக் கிண்டல் செய்வதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அடுத்தவர் லேப்டாப் என்றால் மனிதர் பெரிய நிதானசாலி.

மூன்றாவது மாடி டீச்சர் ஒருநாள் காலையில் பதறிப்போய் போன் செய்தார். "சார், ராத்திரி நல்லா இருந்துச்சு. இப்ப ஆனே ஆக மாட்டேங்குது. லைட்டு கூட எரியல."

"சார்ஜரைக் கழட்டுங்கம்மா. பவர் பட்டனை அப்படியே முப்பது செகண்ட் அமுக்கிப் பிடிங்க. விட்டுட்டு, மறுபடி சார்ஜரைச் செருகி ஆன் பண்ணுங்க."

ஆனது. உள்ளே தேங்கி நிற்கும் மின்சாரம் சில சமயம் போர்டைத் திகைக்க வைத்துவிடும். அதை வடியவிட்டால் சரியாகிவிடும். பல திங்க்பேட்களில் இதற்கென்றே அடிப்பக்கம் ஒரு சின்னத் துளை உண்டு, சிம் கார்டு ஊசியால் ஒரு குத்து குத்தினால் போதும். டீச்சர் வீட்டிலிருந்து அன்று மாலை கேசரி வந்தது.

பி பிளாக் இன்ஜினீயரிங் மாணவன் கதை இதைவிடச் சுவையானது. லேப்டாப் ஆமை வேகத்தில் போகிறது என்று ராமைக் கூட்டினான். பிறகு எஸ்எஸ்டி மாற்றினான். விண்டோஸையும் புதிதாகப் போட்டுப் பார்த்தான். ஒன்றும் அசையவில்லை. சார் அதைத் திறக்கவே இல்லை. டாஸ்க் மேனேஜரைப் பார்த்தார். பிராசஸர் ஒரு கிகாஹெர்ட்ஸைக் கூட எட்டவில்லை. சார்ஜர் முனையைக் கையில் எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். நடுவில் இருக்கும் மெல்லிய பின் வளைந்து கிடந்தது. சில மாடல்களில், "நான் இத்தனை வாட்" என்று சார்ஜர் லேப்டாப்பிடம் சொல்வது அந்தப் பின் வழியாகத்தான். தகவல் போய்ச் சேரவில்லை என்றால் லேப்டாப் சந்தேகப்பட ஆரம்பித்துவிடும். பேட்டரியில் சார்ஜ் ஏற்றாது, பிராசஸரையும் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டும். சார்ஜரை மாற்றினார்கள், வேகம் வந்துவிட்டது. பையனின் அப்பா எஸ்எஸ்டி பில்லை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ராம் பிரச்சினை என்றால் அவரிடம் இருக்கும் ஆயுதம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பர். ராமைக் கழற்றி, தங்க முலாம் பூசிய பட்டைகளைப் பதமாகத் தேய்ப்பார். தூசியைத் துடைப்பார். ஒவ்வொன்றாகப் போட்டு ஆன் செய்து பார்ப்பார். பாதி லேப்டாப்கள் இதிலேயே பிழைத்துவிடும். அவர் மகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் மட்டும் ரப்பர் தங்கவே தங்காது.

ஆக, சார்ஜர், பேட்டரி, சூடு, ராம், டிஸ்க் என்று செலவில்லாததிலிருந்து தொடங்கும் அந்த வரிசை அவருக்குத் தூக்கத்திலும் மறக்காது. தன் லேப்டாப்புக்கு வரும்போதுதான் வரிசை தலைகீழாகிவிடும். முதல் சிகிச்சையே ஆர்டர் போடுவது.

ஃபேன் கொஞ்சம் இரைந்தது. தூசியை ஊதிவிட்டிருந்தால் போதும். சார் தெர்மல் பேஸ்ட் வாங்கினார், தெர்மல் பேட் வாங்கினார், ஃபேனே ஒன்று புதிதாக வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் அறுவை சிகிச்சை. பழைய பேஸ்ட் காய்ந்து பொருக்காகிக் கிடந்தது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்தார். அந்த இடம் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்தது. மிளகளவு புதுப் பேஸ்ட்டை நடுவில் வைத்து, ஹீட்சிங்க்கை இறக்கி, அதன் மேல் எண் போட்டிருக்கும் வரிசைப்படியே ஸ்க்ரூக்களை முடுக்கினார். மற்ற ஸ்க்ரூக்கள் நீளவாரியாகப் பிரித்து இட்லித் தட்டில் இருந்தன.

"ஏங்க, தட்டு எப்போ கிடைக்கும்? மாவு பொங்கி வழியுது."

"அந்த ஓரக்குழியில எஸ்எஸ்டி ஸ்க்ரூ இருக்கு. கவுத்துடாத. அது போச்சுன்னா ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குத்தான் போகணும்."

அன்றைக்கு வீட்டில் தோசை.

97 டிகிரியில் கொதித்துக்கொண்டிருந்த பிராசஸர் 84-க்கு இறங்கியது. நூறை நெருங்கினால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், இது உண்மையிலேயே நல்ல காரியம்தான். அந்த 84-ஐப் பார்க்க வீட்டார் எல்லோரும் அழைக்கப்பட்டார்கள். வந்து நின்று பார்த்தார்கள். திரையில் அப்போது திறந்திருந்தது ஒரு கரண்ட் பில்.

64 ஜிபி கதையும் இப்படித்தான். ஆட்டோகேடில் அவர் போடும் படங்களுக்கு 16 ஜிபி தாராளம். இது அவருக்குத் தெரியாததல்ல, மற்றவர்களுக்கு அவரே சொல்வதுதான். ஆனாலும் நான்கு இடமும் நிரம்பின. நிரப்பிய அன்று இரவு மெம்டெஸ்ட் ஓடவிட்டார். 64 ஜிபியையும் சோதிக்க அதற்கு மணிக்கணக்கில் ஆகும். இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்த அவர் மாமியார், இருட்டு ஹாலில் ஒளிரும் திரையைப் பார்த்துவிட்டு, "மாப்ள, இந்நேரத்துல அது என்ன பண்ணுது?" என்று கேட்டார்.

"தன்னைத்தானே சோதிச்சுக்குது அத்தை."

படுக்கையில் அவர் படிப்பதும் கதைப் புத்தகம் அல்ல. லெனோவோ இலவசமாகவே வெளியிடும் பராமரிப்புக் கையேடு. எந்தப் பாகத்தை எந்த வரிசையில் கழற்றுவது, எந்த ஸ்க்ரூ எவ்வளவு நீளம் என்று படம் போட்டு விளக்கியிருக்கும். மனைவியின் நம்பரை போனில் தேடித்தான் எடுப்பார். கீபோர்டின் பார்ட் நம்பர் மனப்பாடம்.

அவர் கைராசிக்குச் சரிவே வந்ததில்லை என்றும் சொல்ல முடியாது. மைத்துனர் ஒரு சனிக்கிழமை ஆபீஸ் லேப்டாப்போடு வந்திருந்தார். பயாஸ் பழசாக இருக்கிறதே என்று சார் அக்கறையோடு அதை அப்டேட் செய்தார். மறுபடி ஆன் ஆனதும் நீலத் திரையில் பிட்லாக்கர் நின்றது. உள்ளே விட 48 இலக்க ரெக்கவரி கீ வேண்டும். டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்திருக்கும் லேப்டாப்பில் பயாஸை மாற்றினால், யாரோ வெளியாள் கைவைத்துவிட்டான் என்று அது நினைத்துக்கொள்ளும். பிட்லாக்கரை முதலில் நிறுத்தி வைத்துவிட்டுத்தான் பயாஸைத் தொட வேண்டும். கீயோ ஆபீஸ் ஐ.டி. பிரிவிடம். அவர்கள் வருவது திங்கட்கிழமை.

"மாமா, திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்கு எனக்கு பிரசன்டேஷன்..."

"இதுக்குப் பேருதான் மாப்ள செக்யூரிட்டி. உங்க கம்பெனில ஒழுங்காத்தான் செட் பண்ணியிருக்காங்க."

சாருக்கே ஓர் அடி விழுந்தது 2025 அக்டோபர் 14-இல். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு அன்றோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு, சில விலக்குகள் போக, இன்டெல் 8-வது தலைமுறை பிராசஸராவது வேண்டும். இவருடைய ஜியான் 6-வது தலைமுறைக் காலத்தது. மைக்ரோசாஃப்டின் சோதனைச் செயலி, 64 ஜிபியையும் புது ஃபேனையும் கொஞ்சமும் மதிக்காமல், தகுதி இல்லை என்று சிவப்பில் காட்டியது. மகள் ஆன்லைன் வகுப்புக்கு வைத்திருக்கும் 4 ஜிபி செலரான் என்4000 லேப்டாப்புக்கோ பச்சை டிக். மகள் ஒன்றும் சொல்லவில்லை. தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து அவருடையதன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

சார் இரண்டு நாள் அமைதியாக இருந்தார். மூன்றாம் நாள் லினக்ஸ் மிண்ட் போட்டார். ஆட்டோகேட் அதில் நேரடியாக ஓடாது என்பதால், பிழைப்புக்கு இன்னொரு லேப்டாப் தேவை என்ற தீர்மானம் வீட்டில் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. அவருடைய ஒரே கவலை, இப்போது வரும் மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ராமைப் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்களே என்பதுதான். அதற்கும் விடை கிடைத்துவிட்டது. கேம்2 என்ற, ஸ்க்ரூ போட்டுக் கழற்றி மாட்டும் புதுவகை ராமுக்கு 2023 டிசம்பரில் தரநிலை வந்தது. 2024-இல் திங்க்பேட் பி1 ஏழாம் தலைமுறை அந்த வகை ராமோடு வந்தது. அதன் பராமரிப்புக் கையேட்டைச் சார் ஏற்கெனவே இறக்கிவிட்டார். லேப்டாப்தான் இன்னும் வாங்கவில்லை.

உங்கள் குடியிருப்பிலும் இப்படி ஒருவர் இருந்தால் நம்பித் தாராளமாக லேப்டாப்பைக் கொடுங்கள். சார்ஜரையும் கூடவே கொடுங்கள். கொடுப்பதற்கு முன் கோப்புகளுக்கு ஒரு பேக்கப் எடுத்து, அந்த 48 இலக்க எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால் அவர் கண்ணிலேயே காட்டாதீர்கள்.